ஆளுக்கொரு முதல் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மறுபடி சண்டை. காரணத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். செய்தி!

விடிந்தால் எனக்குப் போனில் மூன்று செய்தித் தளங்கள் பார்த்தாக வேண்டும். நாட்டு நடப்புக்கு அந்த நீலத் தலைப்புத் தளம். மழை வருமா, எந்தச் சாலை அடைப்பு, என்ன காய்ச்சல் பரவுகிறது என்பதற்கு இன்னொன்று. மூன்றாவது கலைப் பக்கம். அங்கே நாடக விமர்சனம் எழுதும் மனிதருக்கு எந்த நாடகமும் பிடித்ததில்லை. அவர் நாலு பேரைத் திட்டுவதைப் படித்தால்தான் எனக்குக் காபி இறங்கும். என் வீட்டுக்காரருக்கு நீலத் தளம் ஒன்றே போதும். எங்கள் இருவருக்கும் காலைப் பேச்சே அதில் வருவதுதான்.

"அந்தக் கொலை வழக்குல தீர்ப்பு வந்துடுச்சு பார்த்தீங்களா? முதல் செய்தியே அதுதான்" என்றேன். இரண்டு தடவை சொன்ன பிறகு நிமிர்ந்து பார்த்து, "அப்படி ஒண்ணும் போடலையே" என்கிறார். அவர் கையிலும் அதே தளம், அதே நீலம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாராம், இல்லையாம்.

நான் பொய் சொல்கிறேனா, அவர் சொல்கிறாரா? இத்தனை சின்ன விஷயத்துக்கு யாராவது பொய் சொல்வார்களா?

மார்ச் 5

இன்றும் அதே கதை. நான் சொல்வது எதுவும் அவர் பக்கத்தில் இல்லை. நான் பேசினால் "ம்". பாதிக்கு அந்த "ம்" கூடக் கிடையாது. "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டார்.

தினமும் திட்டுவதுதானே. முகம் ஏன் அப்படிச் செத்துப்போனது?

மார்ச் 9, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க என் வேலை ஒரே கேள்வி கேட்பது. "இப்போ தெளிவா இருக்கா? இல்ல, இப்போவா?" என் வீட்டு விஷயம்தான் எனக்குத் தெளிவாக இல்லை.

ஃபிரேம் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன். வாய் ஓயாததால் கடையில் அவளுக்குக் குருவி என்று பெயர். "அக்கா, எந்தக் காலத்துல இருக்கீங்க? தளம் ஒண்ணுதான். நீங்க எதைத் தட்டிப் படிக்கிறீங்களோ அதையே முன்னாடி கொண்டுவந்து வைக்கும். உங்களுக்குக் கொலைன்னா பிடிக்கும்னு அது கண்டுபிடிச்சிருக்கு" என்றாள்.

எனக்குக் கொலை பிடிக்குமா!

அவள் போனையும் என் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நீலம். அவளுக்கு முழுக்கக் கால்பந்தும் செருப்பும். ஊரே ஒரே முதல் பக்கத்தைப் படிக்கிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படியென்றால் இவர் காலையில் தலை நிமிராமல் படிப்பது எதை?

மார்ச் 10

பார்க்கக் கூடாது. அடுத்தவர் பையில் கை விடுவது மாதிரி.

மார்ச் 12

பார்த்துவிட்டேன்.

அவர் குளிக்கப் போயிருந்தார். அவர் செய்தி படிக்கும் டேப் மேசையில் திறந்தபடி கிடந்தது. வரிசையாக இருந்தன: "அமைதிக்குப் பழகிக்கொள்வது எப்படி?" "பேச்சு குறைந்த வீடுகள்." "ஐம்பதுக்குப் பிறகு வேறு வேலை." கடைசியாக, "மனைவியிடம் எப்போது சொல்வது?"

அதைத் தட்டுவதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

என்ன சொல்லணும் மனைவிகிட்ட? எங்க போகப் போறார்? வேற யாராவது இருக்காங்களா — இந்த மனுஷனுக்கா? காலுறைக்கு ஜோடி தேடத் தெரியாத மனுஷனுக்கா? நான் ரொம்பப் பேசறேனா? அமைதி வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. எனக்கு ஒண்ணும் புரியல. பயமா இருக்கு.

மார்ச் 13

ஒருவருக்கு இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன். நல்லவேளை, குருவி பார்த்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. அவர் முதுகைப் பார்த்து, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?" என்றேன்.

அவர் திரும்பாமலேயே, "ஃபிரிட்ஜுல இருக்கு பாரு" என்றார்.

ஒரு நொடி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த நொடி சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. மெதுவாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

குழாயை மூடினேன். முன்னால் போய் நின்று, "உங்களுக்குக் காது கேக்கலையா?" என்றேன். என் உதட்டைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

ஒரு வருஷமாகவாம். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடதும் மங்குகிறது. பெயின்ட் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுப்பதுதான் அவர் வேலை. போன மாதம் ஒருவர் நிற எண் நாப்பத்தொண்ணு கேட்டிருக்கிறார், இவர் காதில் விழுந்தது நாப்பத்தொம்போது. வெளிர் மஞ்சள் வர வேண்டிய அலுவலகம் முழுக்கச் செங்கல் நிறம். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, இவனுக்குத்தான் கேக்கலையேன்னு நீ பேசறதை நிறுத்திடுவியோன்னு பயம்."

நான்! பேசறதை நிறுத்தறதாம்! அழுதுகொண்டே திட்டினேன். நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு நேராக, ஒரு வார்த்தை விடாமல்.

மார்ச் 16

அவர் போகவில்லை என்று சந்தோஷப்படுகிறேன். அவர் காது போகிறதே என்று வயிறு எரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி? எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 25

காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் அவர், வெளியே நான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு வெளியிலேயே லேசாகக் கேட்ட ஒலிக்கெல்லாம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டி, இப்போ, இப்போ என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது. பரிசோதனை செய்த பெண், இரண்டு காதுக்கும் கருவி வைத்தால் நிறையவே கேட்கும், ஆனால் போன் பேச்சு கஷ்டம்தான் என்றாள்.

போன் பேச்சுதான் அவர் பிழைப்பு என்று அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

மேலாளரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார். "பார்க்கலாம்" என்றாராம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? நல்லதா, கெட்டதா?

ஏப்ரல் 20

கருவி வந்துவிட்டது. ஸ்பூன் விழுந்தால் துள்ளுகிறார். செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கூட ஆகவில்லை. சாயங்காலம் என்னையே உற்றுப் பார்த்தார். "நீ படிக்கும்போது எப்பவும் இப்படி முணுமுணுப்பியா?"

"எப்பவும்தான்."

"எவ்வளவு நாளா?"



மே 11, திங்கள்

கீழ்த்தளத்தில் நிறம் கலக்கும் கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்கள் எதிரில் நின்று பேசுகிறார்கள், எண்ணை எழுதியே கொடுக்கிறார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். அவருக்குப் பாதி நிம்மதி, பாதி அவமானம். எனக்கும் இன்னதென்று தெரியவில்லை.

இப்போது காலையில் ஒரே டேப்தான். நான் சத்தமாகப் படிக்கிறேன், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். இன்று நீலத் தளத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"யாரு இந்த ஆளு? கொலை வழக்கும் படிக்கிறான், காது கருவிக்கு பேட்டரியும் தேடுறான், நாடகத்தையும் திட்டுறான்?"

"தெரியல. நம்ம வீட்டுலதான் இருக்கான் போல" என்றேன்.

முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது அவருக்கு.