கண்ணாடிக் கூட்டில் ஆறு மாத்திரை

மாமா,

காலை டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். இட்லி தட்டில், மதியத்துக்கு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் மூடி வைத்திருக்கிறேன். கேரம் ஆட வரும் யேசுதாஸ் அங்கிளுக்கும் போதும்.

அவர் இருமலுக்கு உங்கள் டெட்ராசைக்ளினைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டாலும் மீதி ஆறும் உங்களுக்குத்தான். இன்று நான்கு, நாளை இரண்டு. முதலாவதை இட்லிக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் போடுங்கள். மோர் அப்புறம். அங்கிளைப் பத்து மணிக்கு எங்கள் லாலாகுடா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். கேரம் எங்கும் ஓடிவிடாது.

“உடம்பு தேறிடுச்சு, இனி நக்கோ, வேணாம். மிச்சத்தை யாருக்காவது ஆகும்னு எடுத்து வச்சேன். ஏன் நர்ஸம்மா, போன மாசம் நீயும் ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்தலியா?” என்று நேற்று கேட்டீர்கள். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். நிறுத்தினேன், மாமா. தப்புதான்.

மருமகள் ஜெயா

பி.கு: நீங்கள் ஒளித்த இடம் மூக்குக் கண்ணாடிக் கூடு. விடியற்காலை தொண்டை கரகரத்தது, உங்களிடம் இருக்குமே என்று நானே தேடிப்போனேன். ஒன்றை எடுத்து, தண்ணீரும் மொண்டாயிற்று. பிறகு உங்கள் கேள்வி ஞாபகம் வந்து திருப்பி வைத்துவிட்டேன். எண்ணிப் பாருங்கள், ஆறும் இருக்கும். சாயங்காலம் எனக்குச் சுக்குக் காப்பி போட்டு வையுங்கள்.