புதன்கிழமைப் பகல் காட்சி

மெல்போர்ன்
3 பிப்ரவரி 2011

அன்புள்ள கிளெனிஸ்,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். பெர்த்தில் மூன்று வருஷம் ஒரே அறையில் தங்கி ஆட்டமும் பாட்டும் படித்தவளுக்கு அந்த அளவு உரிமையாவது மிச்சமிருக்கும்.

போன மாதம் என் குரல் நாணில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை. இனி வாரத்துக்கு எட்டுக் காட்சி பாட முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆறு வாரம் பேசவும் தடை, அதனால்தான் போன் செய்யவில்லை. ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டி வாங்குகிறேன். கடைக்காரி பாவம் என்று ஒரு பன் சேர்த்துக் கொடுக்கிறாள்.

விடிகாலையில் நாம் ஆடிப் பழகும்போது கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாரே, ‘குதிரைங்களா, தூங்கித் தொலைங்கடி’ என்று? நேற்று அவரை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

உன் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியை தேவை என்று விளம்பரம் பார்த்தேன். இசை நாடகம் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. என்னைச் சேர்த்துக்கொள்வாயா?

உன்
ரோண்டா

பெண்டிகோ
14 பிப்ரவரி 2011

ரோண்டா,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் பியானோமேல் கிடந்தது.

உன் தொண்டையை நினைத்து வருந்துகிறேன், பொய்யில்லை. இங்கே தேவாலயக் கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். தகரக் கூரை, தலை வெடிக்கும் வெயில். டெஸ் என்று ஒருத்தி, ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவரின் மகள், வாயே திறக்காதவள். போன வாரம் கடைசி வரிசையிலிருந்து ஒரு வரி பாடினாள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

‘இப்ப வந்துச்சே, அது யார் குரல்?’

‘சாரி மிஸ்.’

‘சாரி எதுக்குடி? நல்லா இருந்துச்சு. திரும்பப் பாடு.’

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் ஏன் மேடைக்குப் போகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அவ்வளவு திறமை இல்லை என்று சொல்வேன்.

வேலையைப் பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வி. நாடகம் முடியும் கடைசி வாரத்தில் ஒரு பகல் காட்சியை நாயகி, தனக்கு முடியாதபோது மேடையேறக் காத்திருக்கும் மாற்று நடிகைக்கு விட்டுக்கொடுப்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். இரண்டு வருஷம் உனக்கு மாற்றாகக் காத்திருந்தேன். உனக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. நீயேதான் ‘புதன்கிழமை உன்னோடதுடி, அம்மாவை வரச் சொல்லு’ என்றாய். புரோக்கன் ஹில்லிலிருந்து அம்மா ரயிலேறி வந்தாள். டோப்பா வைத்து, உடுப்பு மாட்டி உட்கார்ந்திருந்தேன். காட்சிக்கு அரைமணி இருக்கும்போது உள்ளே வந்து, ‘நானே போறேன் கிளெனிஸ், அதைக் கழட்டு’ என்றாய். காரணம் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கண்பார்வை மங்கல், இடமோ மேல்மாடத்தில். ‘இன்று நாயகியாக கிளெனிஸ் டிராஸ்க்’ என்று அச்சடித்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் செருகியிருந்த சீட்டை அவளிடமிருந்து திரும்ப வாங்க யாருக்கும் தோன்றவில்லை. உன்னை நான் என்று நினைத்து அழுதிருக்கிறாள். வெளியே வந்து, ‘குரலே மாறிப்போச்சேடி, பயிற்சின்னா இப்படியா?’ என்றாள். ஆமாம் அம்மா என்றேன். சாகும்வரை அவளுக்கு அதுதான் நிஜம்.

நான் சொதப்பிவிடுவேன் என்று பயந்தாய், அதுதானே? என்னை நன்றாக அறிந்தவளே அப்படி நினைத்தால் மேடை எனக்கில்லை என்று அன்றே முடிவு செய்தேன். ஆம் என்று ஒரு வார்த்தை எழுது. உன் தொண்டை ஆறியதும் வேலைக்கு வரலாம்.

கிளெனிஸ்

மெல்போர்ன்
20 பிப்ரவரி 2011

அன்புள்ள கிளெனிஸ்,

ஆம் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் மாற்று நடிகர்களுக்கான ஒத்திகை. மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரை எடுக்கத் திரும்பி வந்தவள் மேல்மாடத்துக் கடைசியில் நின்றுவிட்டேன். நீ இரண்டாம் பாதிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாய். அதன் மேல் ஸ்வரத்தை இரண்டு வருஷமாக நான் முட்டி மோதிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ சொந்த வீட்டுக்குள் போவதுபோல் சாதாரணமாகப் போனாய். பியானோக்காரர் வாசிக்க மறந்து உன்னையே பார்த்தார்.

நீ என்னைவிட நன்றாகப் பாடினாய். அதை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். வயிற்றெரிச்சல், கிளெனிஸ். அதற்கு வேறு பெயர் வைக்க வழியில்லை. பிறகு வந்த மாற்று நடிகைகள் எல்லோருக்கும் ஒரு காட்சிக்கு இரண்டாக விட்டுக்கொடுத்தேன். மனம் ஆறவில்லை.

அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு.

ரோண்டா

பெண்டிகோ
6 மார்ச் 2011

ரோண்டா,

உண்மையை எழுதியதற்கு நன்றி.

வேலை தர முடியாது. பகையினால் என்று நினைக்காதே. பகை இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல. என் பள்ளியில் ஆசிரியைக்கு முதல் வேலை, தன் காதில் விழுந்ததைப் பிள்ளையிடம் சொல்வது. மூச்சும் அடவும் நடிப்பும் அதற்குப் பிறகுதான். நீ என் பாட்டைக் கேட்டாய், இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த மேடையை நீ எடுத்துக்கொண்டதைக்கூட மன்னித்துவிடலாம், எனக்கு வேறு மேடை கிடைத்திருக்கும். ‘நல்லாப் பாடறேடி’ என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், உன்னைத் திட்டிக்கொண்டே அடுத்த நாடகத்தின் தேர்வுக்குப் போயிருப்பேன்.

நேற்று டெஸ் கேட்டாள், ‘நீங்க ஏன் மிஸ் எங்களுக்குப் பாடிக் காட்டறதே இல்லை?’ வழக்கமான பதில் வாயில் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் போனபிறகு கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினேன். மேல் ஸ்வரம் வரவில்லை. மூன்று தரம் முயன்றேன். அது எந்த வருஷம் போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

பதில் எழுதாதே.

கிளெனிஸ்