இரண்டு சக்கரத்துப் புள்ளிகள்

பழைய வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மரியதாசுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் சாஃப்டின் மேல்சக்கரத்துப் புள்ளியும் பிஸ்டன் சுழற்றும் கீழ்ச்சக்கரத்துப் புள்ளியும் நேருக்கு நேர் நிற்கும்படிதான் பூட்டினான். நேற்று கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், விலகி நின்றன.

"நீ விளக்குமாத்தால கூட்டேக்க தட்டிப்போட்டாய்," என்று மனைவி ரெஜினாமேல் பாய்ந்தான்.

"நான் கிட்டவும் போகேல்லை," என்றவள் அழுதுகொண்டே படுத்தாள்.

காலையில் அவள் பூசைக்குப் போயிருந்தாள். அவன் வாசற்கதவில் செருகி வைக்கக் கலண்டர்த் தாளில் எழுதினான்:

"ரெஜினா, மன்னாருக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வாறன். கதவுத் திறப்பு வெளியில குடத்துக்குப் பின்னால கிடக்கு. மீன் பொரிச்சு மூடி வைச்சிருக்கிறன், சாப்பிடு. வள்ளத்தைக் கேட்டுக் குரூஸ் அண்ணை வந்தால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடாதை. வால்வு பிஸ்டனில அடிச்சு உடைஞ்சிடும். நீயும் தொடாதை."

மனம் கேளாமல் மறுபடி சுற்றினான். புள்ளிகள் சேர்ந்தன. இன்னொரு சுற்றில் விலகின. அடுத்ததில் மீண்டும் சேர்ந்தன.

தாளில் இடமில்லை. அடியில் பொடி எழுத்தில் நெருக்கினான்:

"கீழ்ச்சக்கரம் ரெண்டு தரம் சுத்தத்தான் மேல்சக்கரம் ஒருக்காச் சுத்துது. புள்ளி தானாத்தான் விலகி விலகிச் சேருது. இது சரியோ பிழையோ, எனக்கு இன்னும் விளங்கேல்லை. நீ தொடேல்லை எண்டது மட்டும் விளங்குது. கோவியாதையம்மா."