பன்னிரண்டு சொல்லில் பாதி

9ஆம் தேதி, வீடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னவளும் நலம். நலம் என்று எழுதத்தானே வேண்டும். வயிற்றுக் கட்டியை இருபதாம் தேதி எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்துவிட்டதை ஃபோனிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் காரியம். நாம் கிரிப்டோவில் சேர்த்ததையெல்லாம் ஃபோன் வாலட்டிலிருந்து, பெட்டியே பிரிக்காமல் கிடந்த, இன்டர்நெட் திருடர்கள் கை எட்டாத அந்தச் சின்னக் கருவிக்கு மாற்றிவிட்டேன். நெட்வொர்க் எவ்வளவு கட்டணம் பிடித்தது என்று கேட்காதீர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். எட்டு மாதமாக, கட்டணம் இறங்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம் என்றே சொன்னீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பழமொழி வேறு. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை முதலாளியும் அப்படித்தான் காத்திருந்தார். பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று வந்த லிங்க்கைத் தொட்டார். வாலட்டைத் துடைத்து வைத்துவிட்டார்கள். மனுஷன் இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவில்லை. ஞாயிறு காலையில் நெட்வொர்க்கில் கூட்டம் குறைந்ததும், முதலில் துளி அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, மீதியை ஒரே தடவையில் அனுப்பினேன். ஃபோனில் கைச்செலவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். நானும் கஞ்சம்தான், உங்கள் அளவுக்கு இல்லை.

கருவி தொலைந்தாலும் பணத்தை மீட்கப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. அவற்றை ஃபோனில் அனுப்பக் கூடாது. அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம், மூன்று நாளில் வந்துவிடுமாம். பின்பக்கத்தில் ஆறு சொற்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். மீதி ஆறு உங்கள் அக்காவிடம். ஆமாம், நானேதான் போய்க் கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டுப் படி ஏறினேன். எதுக்குடி இப்போ இதெல்லாம் என்று அவர் அழுதுவிட்டார். காபி குடித்துவிட்டு வந்தேன்.

வரட்டுமா என்று நீங்கள் கேட்டபோது, ஃப்ளைட் டிக்கெட் விலை எகிறிக் கிடக்குது, வேண்டாம் என்றேன். சின்னவள் மடியில் படுத்திருந்தாள், வேறு எப்படிச் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஒரு தடவை, விலை இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

பத்திரமாக வாருங்கள்.

சின்னவளின் அம்மா