கேட்காமல் போடக்கூடாத பெயர்

பிரியமுள்ள இசக்கிக்கா,

பதில் போட முடியாதவளுக்கு எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். வேறு யாரிடமும் இதைச் சொல்ல வரவில்லை.

சங்கரன்கோவில் மாடி அறையில் இப்போது நான் மட்டும்தான். வழக்கம்போல, கணினியை இயக்கும் லினக்ஸின் கருவான கர்னலைக் கம்பைல் செய்கிறேன். எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது. "வந்துட்டாக சொந்தக்காரக" என்று அதைப் பார்த்துச் சிரிக்க நீ இல்லை.

நாம் கடைசியாகச் சண்டை போட்ட எச்சரிக்கை நினைவிருக்கிறதா? ஒரு கருவியை இயக்கும் டிரைவர் நிரலில், 'இங்கே நில்' என்று சொல்லும் 'பிரேக்' என்ற சொல் ஓரிடத்தில் இல்லை. தெரிந்தே விட்டதா, மறந்ததா என்று கம்பைலர் கேட்டது. தெரிந்தேதான் என்று ஒரு சொல் எழுதினால் அடங்கிவிடும், எழுதிவிடலாம் என்றேன்.

"ஏட்டி, கேக்கவன் வாயை அடைச்சா ஆச்சா? அங்கன எவன் நுழையுதான்னு பாரு" என்றாய்.

அந்த வாரமே திருவேங்கடம் சாலையில் உன் ஸ்கூட்டர் மேல் லாரி மோதியது.

நீ சொன்னதுதான் சரி, அக்கா. வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவன்கூட, அங்கே நிற்காமல் நழுவி, மாற்றி எழுதும் பகுதிக்குள் போய்விட முடிகிறது. பிரேக் போட்டுவிட்டேன். இனி இதற்கு நானே பொறுப்பு என்று கையெழுத்து வரி எழுதி, கர்னலைப் பராமரிப்பவர்களுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். மெயில் எல்லாம் நீதானே எழுதுவாய்? எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். முகம் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுத இன்னும் பத்துத் தடவை அழிக்கிறேன்.

பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற வரியில் உன் பெயரும் மெயில் முகவரியும் வர வேண்டும். போட்டால், வரும் பதிலெல்லாம் உன் போனுக்கும் போகும். அந்த போனை உன் அம்மா இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்களிடம் சொல்ல உன் ஊர் பனவடலிசத்திரத்துக்குப் போனேன்.

"மணி அடிக்கும் அத்தை. பதறிராதிய."

"அடிக்கட்டும் மக்கா. அவள யாரோ தேடுதாகன்னு இருக்கும்லா" என்றார்கள். பிறகு, "அதுல உன் பேரும் இருக்காட்டி?" என்று கேட்டார்கள்.

உன் பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது என்றேன். அவர்கள் ஏன் அதைக் கேட்டார்கள், அக்கா?

யார் என்ன கேட்டு எழுதினாலும் ஒளியமாட்டேன். நானே பதில் சொல்வேன். இது சத்தியம்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்தேன். ஒருவர் பெயரைப் போடுமுன் அவரிடமே கேட்க வேண்டும் என்பது நம் வேலையின் வழக்கம். உன் அம்மா சரி என்றது போதாது. உன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா?

உன் தங்கச்சி,
செண்பகம்