மீன் தொட்டியின் கழிவுத் தண்ணீர்

வைகாசி, செவ்வாய் இரவு.

மீன் தொட்டிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். பாத்திரம் கழுவ அதை எடுத்துப்போகப் பக்கத்து வீட்டு மேரி இன்றும் குடத்தோடு வந்தாள்.

“மீனெல்லாம் நல்லா இருக்காண்ணே?”

“இருக்கும்மா.”

“ஆத்துல தண்ணி விட்டுட்டா எங்க போர் பைப்புலயும் தண்ணி வந்துரும். அப்புறம் உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

மகன் சிங்கப்பூர் போகும்போது விட்டுச் சென்ற மீன்களில் கடைசியும் போன வாரம் செத்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. மெஷினை மட்டும் தினமும் ஓட்டுகிறேன். நல்ல தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கழிவை அவளுக்காகச் சேர்க்கிறேன்.

ஊரே ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. நான் இன்று டிரம் குழாயைப் பாதிதான் திறந்தேன், குடம் மெதுவாக நிறையட்டும் என்று.