திருத்தாமல் விட்ட மோட்டார் பழுது

நார்த்மீட்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தர்ஷனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், என் முழங்கால்கூட இந்தக் கிழமை என்னோடு சண்டை பிடிக்கவில்லை. நீயும் லக்சனும் டப்ளின் மழைக்குள் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, குறையில்லாமல் இருக்க முருகன் துணை. நேற்றுத்தானே போனில் கதைத்தோம், இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் என்றால் என் வாய் என்னை முந்திக்கொண்டு ஓடிவிடும், உனக்குத் தெரியாததா. கடிதத்தில் பிழையாக எழுதினால் வெட்டலாம். அம்மா பரமட்டாவுக்கு மரக்கறி வாங்கப் போயிருக்கிறா, அவ வருவதற்கிடையில் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் பார்சலைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே இருப்பது மருமகனின் பிறந்தநாளுக்கு நான் என் கையால் வெட்டிய இசைத்தட்டு. வாங்கியதில்லை, வெட்டியது. வீடு முழுக்க இசைத்தட்டு அடுக்கி வைத்திருக்கிற பிள்ளைக்குக் கடையில் வாங்கிக் கொடுத்து என்ன பெருமை? சுற்றுகிற தட்டின் மேல், பாட்டுக்கு ஏற்றபடி நடுங்குகிற ஓர் ஊசியை வைத்தால் அது கோடு கீறிக்கொண்டு போகும், ஊசி மெல்ல மெல்ல உள்ளே நகர வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நான்கு மாதம் போனது. கூட்டு யார் என்று கேட்காதே, பின்வீட்டுப் பீட்டர் அங்கிள்தான், மலேசியாவில் ரயில் எஞ்சின் திருத்தியவர் என்ற திமிர் இன்னும் போகவில்லை. இசைத்தட்டுச் சுற்றுகிற பழைய பெட்டி கவுன்சில் குப்பை எடுக்கும் கிழமையில் யாரோ தெருவோரம் வைத்தது. நடுங்குகிறது உன் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர், அதில் அம்மாவின் தையல் மெசின் ஊசியை ஒட்டினோம். தட்டுக்கு முதலில் ஐஸ்கிரீம் டப்பா மூடி, பிறகு பிக்னிக் கோப்பை, பிறகு என் முழங்கால் எக்ஸ்ரே. எல்லாவற்றிலும் ஒரே சத்தம்தான் வந்தது, அம்மா குசினியில் இருந்தபடியே, இது என்ன பாட்டு, பருப்புக்குத் தாளித்ததோ என்று கேட்டா. கடைசியில் பீட்டர் அங்கிள் தன் பந்தலுக்குப் போட்டு மிஞ்சின பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டுவந்தார். அதை வட்டமாக வெட்டி, அம்மாவின் தலைமயிர் காயவைக்கிற மெசினால் கொஞ்சம் சூடாக்கிக் கீறிப் பார்த்தோம், அம்மாடி, அப்படி ஒரு சத்தம். இரண்டு கிழவர்களும் கராஜுக்குள் ஆடினோம், பீட்டர் அங்கிளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஊசியை உள்ளே நகர்த்த ஒரு திருகு வேண்டும் அல்லவா, அது எங்கே கிடைத்தது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவவின் பித்தளை இடியப்ப உரலின் திருகு. பழைய மைக்ரோவேவில் கோப்பை சுற்றுகிற சின்ன மோட்டாரை அதில் பூட்டினேன். அவ உரலைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினா, நானும் கூடவே நின்று தேடினேன். இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் இரவுக்குப் புட்டுத்தான்.

மருமகனுக்கு என்ன பதிவது என்று யோசித்து, உங்கள் கலியாணத்து நாதஸ்வரம்தான் சரி என்று முடிவெடுத்தேன். அது அம்மா இன்னும் பாவிக்கிற பழைய போனில் இருந்தது, ஸ்பீக்கர் வயரைக் குத்த ஹெட்போன் ஓட்டையும் அந்தப் போனில்தான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதைப் போட்டு வெட்டினேன். வெட்டும்போது சுருள் சுருளாய் வருகிற பிளாஸ்டிக் நூலை வக்கியூம் பிடித்து இழுக்க வேண்டும், அந்த இரைச்சலில் வேறு ஒன்றும் கேட்காது. பிறகு போட்டுக் கேட்டால் நாதஸ்வரம் அருமையாக வந்தது. அது முடிந்த கையோடு ஒரு சத்தம் தொடங்கியது. தப் தப் தப் என்று, ஓடிவருகிற மாதிரி, வேகமாக. நிற்கவே இல்லை. பார்த்தால் கடைசிக் கோடு தன்னோடு தானே போய் மூடிக்கொண்டு வட்டமாகி இருக்கிறது, ஊசி அதைவிட்டு நகராமல் சுற்றுகிறது. அதற்குக் காரணம் உடனே கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவின் திருகின் புரிக்குள் பழைய இடியப்ப மா காய்ந்து கல்லாகி இருந்தது, அது சிக்கித் திருகு நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தப் தப்? தட்டில் சோக்கட்டியால் அடையாளம் போட்டு எண்ணினேன். ஒரு சுற்றுக்கு ஐந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தொரு வருடம் பரமட்டா கந்தோர்க் கட்டிடங்களில் லிஃப்ட் திருத்தினவனுக்கு இது தெரியாதா? சுற்றோடு சேர்ந்து அடிக்கிற சத்தம் என்றால் பழுது மோட்டாரில்தான், அது வெட்டும்போதே பதிந்துவிட்டது.

மூன்று நாள் பிள்ளை, மூன்று நாள். பெல்ட் மாற்றினேன், எண்ணெய் விட்டேன், கப்பியைத் தேய்த்தேன். நாதஸ்வரம் முடிந்த கையோடு நிறுத்திப் புதுத் தட்டு வெட்டினால் சத்தம் இல்லை, வந்து வந்து போகிற பழுதுதான் பழுதுகளுக்குள் மோசமானது என்று இன்னும் பிடிவாதம் பிடித்தேன். இதற்குள் ஒரு அதிசயம் நடந்தது. நான்கு மாதமாகக் கராஜ் பக்கம் தலை வைத்துப் படுக்காத அம்மா நாளுக்கு மூன்று தரம் தேத்தண்ணி கொண்டுவரத் தொடங்கினா. வந்தால் போகிறதில்லை, அந்தத் தப் தப்பை ஒருக்காப் போடுங்கோ என்று கேட்டுக் கதவில் சாய்ந்து நிற்பா. வயது போன காலத்திலாவது என் தொழிலில் ஒரு விருப்பம் வந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெள்ளிக்கிழமை எனக்கு அலுத்துப்போய், அந்தப் பழுதுத் தட்டை எறிந்துவிடுவோம் என்று குப்பைத் தொட்டி மூடியைத் திறந்தேன். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து தட்டைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. "இதை எறிஞ்சா நான் உங்களோட இனிக் கதைக்கமாட்டன்" என்றா. ஏன் என்று கேட்டால் அழுகை, அதற்குள் சிரிப்பு. "நான் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்" என்றா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சத்தத்தை நான் முன்பு ஒருதரம் கேட்டிருக்கிறேன், போன வருடம், நீ போனைப் பிடித்துக் கேட்க வைத்தாய். கதிரையில் இருந்து கணக்குப் போட்டேன். தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் சுற்றும், அதை ஐந்தால் பெருக்கினேன். நூற்றறுபத்தேழோ என்று அம்மாவைக் கேட்டேன். அவ தலையை ஆட்டினா, அவ்வளவுதான். போனில் நாதஸ்வரத்துக்கு அடுத்ததாக நீ அம்மாவுக்கு அனுப்பின ஸ்கான் சத்தம், உன் வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு, இருந்திருக்கிறது, அது தானாக ஓடிப் பதிந்துவிட்டது. ஆகவே அம்மாவைக் கோபிக்காதே, அவ ஒரு சொல்லும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தது இடியப்ப மா.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். போன வருடம் நீ சொன்ன மறுநாளே கோயிலில் சொன்னேன், குவேக்கர்ஸ் ஹில் பக்கத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னேன், மெல்பேர்ணுக்குப் போன் போட்டும் சொன்னேன். பிறகு அந்தத் துடிப்பு நின்றுபோனபோது, அத்தனை பேரும் ஒவ்வொருவராக உனக்கு எடுத்து என்ன மாதிரி, எத்தனை மாதம் என்று கேட்டார்கள். நீ ஒவ்வொருவருக்கும் உன் வாயால் பதில் சொல்ல வேண்டி வந்தது. அது என்னால் வந்தது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அப்பாவை மன்னித்துக்கொள் பிள்ளை.

இந்த முறை நான் ஆள் வேறு. நேற்றுப் பீட்டர் அங்கிள் வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, பெயரிங்கில் கிறீஸ் போடு என்று சொன்னார். நான் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு கிறீஸ் போட்டேன். மத்தியானம் சிறிதரன் மாமா வீட்டு விருந்தில், மகள் டப்ளினில் என்ன புதினம் என்று ராகவி அன்ரி கேட்டா, இரண்டு ரோல்ஸை ஒரேயடியாக வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோசம் பிள்ளை, வெடித்துவிடுவேன் போல இருக்கிறது, யாருக்காவது சொல்லாவிட்டால் விசர் பிடிக்கும். யோசித்துப் பார்த்தால் நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான், அதுதான் இந்தக் கடிதம்.

லக்சனுக்கு நாதஸ்வரம் மட்டும் புதிதாக வெட்டி அனுப்பியிருக்கிறேன். மற்றத் தட்டை அனுப்பமாட்டேன், குறை நினைக்காதே. திருகைக் கழுவிவிட்டு ஏழு தரம் வெட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு வட்டம் திரும்ப வரவில்லை. காலையில் தேத்தண்ணியோடு நானும் அம்மாவும் அதைப் போட்டுவிட்டு இருக்கிறோம். ஊசியைத் தூக்கும்வரை அது நிற்காது. அம்மா தூக்க விடுகிறா இல்லை.

பாரமான சாமான் ஒன்றையும் தூக்காதே, அந்த இசைத்தட்டுப் பெட்டிகளை லக்சன் தூக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே. இதற்குப் பதில் எழுத வேண்டாம், போனில் நான் வழக்கம்போல மழையைப் பற்றித்தான் கேட்பேன். யாருக்கு, எப்போது சொல்வது என்பது உன் விருப்பம், மூன்று மாதமானாலும் சரி, பிறந்த பிறகானாலும் சரி. அதுவரைக்கும் தட்டின் உறையில் மோட்டார் பழுது என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறேன், நீ சொல்கிற அன்றைக்கு அதை மாற்றி எழுதுவேன். அம்மாளாச்சி உங்கள் மூன்று பேரையும் கைவிடமாட்டா.

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பழுதைத் திருத்தாமல் விட்டிருக்கிற,
உன் அப்பா,
ஆனந்தராஜா.